கூர்வயிறும் அகலவயிறும்

"மாமா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. எதை எடுக்கிறது?"

தங்கையின் மகன் கைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டான். முதற்படத்தில் 13 அடி நீளமான பழைய பொஸ்டன் வேலர், 40 குதிரைவலு மோட்டார். அடுத்ததில் 17 அடி நீளமான ஃபைபர் படகு. 'டீப் வீ' என்று விளம்பரத்திலே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், பின்னால் 90 குதிரைவலு. இரண்டுக்கும் ட்ரெயிலர் உண்டு. ரொறன்ரோவில் பனி கரையத் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் பலருடைய கைபேசியில் இப்படி ஏதாவது இரண்டு படங்கள் இருக்கும். மார்க்கத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓடினால் சிம்கோ ஏரி. ஸ்காபரோவில் மேட்டிலிருந்து இறங்கினால் ப்ளஃபர்ஸ் பார்க், அதற்கு அப்பால் ஒன்ராறியோ ஏரி. ஆசை வருவது இயல்புதான்.

"ஏரியிலை நிக்கிற நேரம் கூடவோ, ஓடுற நேரம் கூடவோ? முதல் அதைச் சொல்லு" என்றேன்.

அவன் யோசித்தான். யோசிக்கத்தான் வேண்டும். மோட்டாரைப் பிறகு மாற்றலாம், இருக்கையை மாற்றலாம், மீன் காட்டும் கருவி பூட்டலாம். படகின் வயிற்றை மட்டும் மாற்ற முடியாது. அது எந்த வடிவமோ அந்த வடிவத்துக்கு ஏற்றபடிதான் அடுத்த பத்து வருடக் கோடையும் கழியும். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு சொல்தான் இருக்கும். மிச்சமெல்லாம் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, மெத்தை எப்போது புதுப்பித்தது என்ற கதை. ஆகவே வயிற்றிலிருந்து தொடங்குவோம்.

படகு ட்ரெயிலரில் நிற்கும்போது அதன் பின்னால் போய்க் குந்திக்கொண்டு, மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகையின் கீழ்விளிம்பைப் பாருங்கள். டீப் வீ படகில் நடுவே ஏரா, அதாவது படகின் அடி முதுகெலும்பு, கீழிறங்கி நிற்கும். அங்கிருந்து இரு பக்கமும் அடிப்பாகம் சரிந்து மேலேறும். அந்தச் சரிவு கிடைமட்டத்தோடு எத்தனை பாகை பிடிக்கிறது என்பதுதான் முக்கியமான எண். படகு கட்டுகிறவர்கள் டெட்ரைஸ் என்று சொல்வது இதைத்தான். பின்பலகை வரைக்கும் 20 பாகைக்கு மேல் இருந்தால் அது டீப் வீ. முன்னால் கூராகத் தொடங்கி, பின்னால் வரவரத் தட்டையாகி, 12 முதல் 18 பாகைக்குள் முடிந்தால் மொடிஃபைட் வீ. கடைகளில் நிற்கும் சிறு படகுகளில் மிகப் பல இந்த நடு இனம்தான். ஆனால் விற்கிறவர் எல்லாவற்றையும் டீப் வீ என்றே எழுதிவிடுகிறார். கைபேசியில் ரசமட்டச் செயலியைத் திறந்து, பின்பலகைக்குப் பக்கத்தில், அடிப்பாகத்தின் சரிவோடு ஒட்டிப் பிடியுங்கள். ஏராவுக்கு இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால், ட்ரெயிலர் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் சரியான பாகை கையில் கிடைத்துவிடும். இரண்டு நிமிட வேலை. விளம்பரத்தின் ஒரு பக்கத்தைவிட இது அதிகம் சொல்லும்.

வேலரை முன்னால் நின்று பாருங்கள். நடுவில் ஒரு முனை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு முனை, இடையே இரண்டு வாய்க்கால். கதீட்ரல் ஹல் என்றும் ட்ரை ஹல் என்றும் சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் அணியம் ஏறக்குறையச் சதுரமாகத் தெரியும். படகின் அகலம் முன்முனை வரைக்கும் குறையாமலே போகிறது. 13 அடிப் படகில் முன்னாலும் ஒருவர் தாராளமாக நிற்கலாம் என்பது இந்த வடிவம் தரும் கொடை.

இந்த இரண்டு வடிவத்தையும் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் ஒரே மனிதர் என்பது படகு வாங்கப் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. சி. ரேமண்ட் ஹண்ட், அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ்காரர். 1950களின் பிற்பாதியில் டிக் ஃபிஷர் என்பவர் கண்ணாடியிழைத் தோல் இரண்டுக்கு நடுவே நுரையை நிரப்பி, பாரம் குறைந்த, தாழாத ஒரு சிறுபடகு செய்யப் பார்த்தார். வடிவத்துக்கு அவர் ஹண்டிடம் போனார். ஹண்ட் எடுத்துக்கொண்ட முன்மாதிரி நமது கனடாவைச் சேர்ந்த ஒருவருடையது: நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்த அல்பர்ட் ஹிக்மன் 1914இல் காப்புரிமை பெற்ற 'சீ ஸ்லெட்'. இரு ஓரமும் கீழே, நடு மேலே. தலைகீழாகக் கவிழ்த்த வீ. அதில் ஒரு தொல்லை இருந்தது. நடுவாய்க்கால் வழியே காற்றும் தண்ணீரும் கலந்து பின்னால் போய்ச் சேரும் இடத்தில்தான் மோட்டாரின் விசிறி சுழல்கிறது. நுரையில் சுழலும் விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது. ஃபிஷரின் முதல் மாதிரியும் அதே நோயில் விழுந்தது. நடுவில் மூன்றாவதாக ஒரு முனையை இறக்கி, விசிறிக்கு நேர் முன்னால் நல்ல தண்ணீர் வரச் செய்தார்கள். 1958இல் சந்தைக்கு வந்த 13 அடி வேலர் அப்படிப் பிறந்ததுதான். 1961இல் 'லைஃப்' சஞ்சிகையில் வந்த படங்களில், ஃபிஷர் உட்கார்ந்திருக்க படகை வாளால் இரண்டாக அறுக்கிறார்கள். மோட்டார் இருந்த பாதியில் அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்.

அதே 1958இல், நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டிக்கான ஓட்டங்கள் நடந்தன. 'விம்' என்ற படகில் மாலுமியாக இருந்த டிக் பெர்ட்ராம், கொந்தளித்த தண்ணீரில் மற்றப் படகுகள் தத்தளிக்கையில் சிறிய மோட்டார்ப் படகொன்று தங்குதடையின்றி ஓடியதைக் கண்டார். அது ஹண்ட் வரைந்த 23 அடி டீப் வீ. அதே வடிவத்தில் பெரிதாக ஒன்று தனக்குக் கட்டச் சொன்னார் பெர்ட்ராம். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்கு நடந்த போட்டியில், கடல் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய நாளில், அந்த 'மொப்பி' எட்டு மணி நேரத்தில் கரை சேர்ந்தது. இரண்டாவதாக வந்த படகு இரண்டு மணி நேரம் பிந்தி வந்தது, மற்றவை மறுநாள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க விரைவுப் படகுகளின் அடி கூராகத் தொடங்கியது.

ஆக, ஒரே கை, ஒரே காலம், இரண்டு நேரெதிர் விடை. ஒன்று மற்றதைத் தோற்கடித்துவிட்டது என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். கேட்ட கேள்வி வேறு, அதனால் விடையும் வேறு.

இனித் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதில் அவசரப்படக் கூடாது.

மெதுவாகப் போகும் எந்தப் படகும் தானே எழுப்பும் அலைக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை எத்தனை நாட் என்று வரும். நம் இரண்டு படகுக்கும் அது மணிக்கு 8 முதல் 10 கிலோமீற்றர். அதைத் தாண்ட வேண்டுமென்றால் படகு தன் முன்னலையின் மேல் ஏறி, தண்ணீரைப் பிளக்காமல் அதன் மேல் வழுக்கி ஓட வேண்டும். பிளேன் ஆவது என்கிறோமே, அது இதுதான். அப்படித் தூக்கிக் கொடுப்பது, அடிப்பாகம் கீழே தள்ளும் தண்ணீர். தட்டையான அடி தண்ணீரை நேராகக் கீழே தள்ளும். தள்ளியதெல்லாம் தூக்கு விசையாகத் திரும்பி வரும். கூரான அடியில் ஒரு பங்கு பக்கவாட்டில் வழிந்து வீணாகிறது. அதனால்தான் வேலருக்கு 40 குதிரைவலு போதும், டீப் வீக்கு 90 கேட்கிறது. 17 அடிப் படகின் பாரமும் சேர்ந்துகொள்கிறது. ஹண்ட் தன் டீப் வீயின் அடியில் முன்னிருந்து பின்னாக மெல்லிய வரம்புகளை ஓடவிட்டார். பக்கவாட்டில் வழியும் தண்ணீரை அவை மடக்கிக் கீழே திருப்பிக் கொஞ்சம் தூக்குக் கொடுக்கின்றன, தெறிப்பையும் குறைக்கின்றன.

வீணாகிற அந்தப் பங்குக்கு ஈடாகக் கிடைப்பதுதான் டீப் வீயின் முழு நியாயமும். தண்ணீர்த் தொட்டியில் உள்ளங்கையை விரித்து ஓங்கி அடித்துப் பாருங்கள், எரியும். அதே வேகத்தில் கையைச் சரித்து விளிம்பால் இறக்குங்கள், ஒன்றும் தெரியாது. கடல்விமானங்கள் தண்ணீரில் இறங்கும்போது அவற்றின் மிதவைகள் நொறுங்காமல் காப்பதற்காக இந்தக் கணக்கை 1929இல் தியடோர் ஃபொன் கார்மன் போட்டார். 1932இல் ஹெர்பர்ட் வாக்னர் அதைச் செம்மையாக்கினார். வாக்னரின் சமன்பாட்டின்படி, சரிவு 10 பாகையிலிருந்து 20 பாகைக்கு ஏறினால், அடிப்பாகத்தில் விழும் உச்ச அழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். பாகை இரு மடங்கு, அடி கால்பங்கு. விற்பனையாளர் 'மென்மையான ஓட்டம்' என்று சொல்லும்போது அதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

சிம்கோவில் இது எப்படி இருக்கும்? அந்த ஏரி 722 சதுர கிலோமீற்றர். கடல் போன்ற நீண்ட அலை எழும்ப இடம் போதாது, ஆனால் காற்று ஒரு மணி நேரம் வீசினாலே குட்டையும் செங்குத்துமான அலை கிளம்பிவிடும். இரண்டு விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு முகட்டிலிருந்து முகடு 6 மீற்றர் சொச்சம். மணிக்கு 30 கிலோமீற்றரில் எதிர்த்து ஓடினால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முகடு. அதாவது கரை சேர அரை மணி நேரம் ஓட வேண்டுமானால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மோதல்கள். வேலரின் சதுர அணியத்தில், முனைகளுக்கு நடுவே இருக்கும் வாய்க்காலின் கூரை ஒவ்வொரு முகட்டிலும் பட்டுப் பட்டென்று அடிக்கும். முதுகெலும்பு அதை எண்ணிக்கொண்டே வரும். வேகத்தைக் குறைத்தால் அடி குறையும்; ஆனால் குறைத்துக் குறைத்துக் கடைசியில் பிளேனிலிருந்து இறங்கிவிடுவீர்கள், கரை அங்கேயே நிற்கும். கூடவே தெறிப்பு. அகன்ற அணியம் கிளப்பும் தூவல் எதிர்காற்றில் நேரே முகத்துக்கு வரும். மே மாதத் தண்ணீர் அது.

டீப் வீயில் மோட்டாரைச் சற்று உள்ளே சாய்த்து, கூரான முன்பாகத்தைத் தண்ணீரில் பதியவைத்தால் அதே அலையை அறுத்துக்கொண்டு போகலாம். உலுப்பும், ஆனால் உதைக்காது. பின்னாலிருந்து அலை வரும்போது இதற்கு நேர்மாறாக மோட்டாரை வெளியே சாய்த்து அணியத்தைத் தூக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கூரே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படகைப் பக்கவாட்டில் இழுக்கும். கூர்வயிற்றுக்குக் கொஞ்சம் ஓட்டுத்திறன் வேண்டும், பழகினால் கைவந்துவிடும்.

இதுவரை கேட்டதும் மருமகன், "அப்ப டீப் வீதானே மாமா?" என்றான். இல்லை, மோட்டாரை நிறுத்து, பிறகு பார்.

ஓடும்போது காத்த அந்தக் கூர், நின்றதும் ஆடத் தொடங்குகிறது. டீப் வீயின் ஓரங்கள் நிற்கும்போது தண்ணீரில் அதிகம் படிவதில்லை. ஆள் ஒரு பக்கம் போனதும் அந்தப் பக்கம் இறங்கி, ஓரம் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் பிடிப்புக் கிடைக்கும். எண்பது கிலோ மனிதர் ஒருவர் தூண்டிலை மாற்றப் போனால் மற்றப் பக்கத்தில் குளிர்ப்பெட்டி நகரும். கதீட்ரல் வடிவத்தில் ஓர முனைகள் இரண்டும் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கின்றன. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த முனை உடனே எதிர்த்துத் தள்ளும். எட்டு வயதுப் பிள்ளை பேர்ச் மீன் ஒன்றைக் கண்டு வலையோடு ஓரத்துக்குப் பாயும், தகப்பன் பின்னாலேயே எழும்பி ஓடுவார், இரண்டு பேரும் ஒரே விளிம்பில் குனிவார்கள். வேலர் அதைப் பொறுத்துக்கொள்ளும். அதே அளவு டீப் வீயில் தகப்பன் எழும்பும் முன்னரே யாராவது "இருங்கோ, இருங்கோ" என்று கத்த வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த உறுதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அகன்ற அடி தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு மட்டமாக இருக்கும்வரை படகும் மட்டம். பக்கவாட்டிலிருந்து அலை வந்தால், அலை எப்படிச் சரிகிறதோ அப்படியே படகும் வெடுக்கென்று சரியும். கூரான அடி மெதுவாகவும் தாராளமாகவும் ஆடும். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் உடம்புக்கு அது இதம். கரையோரத்தில் நின்று "எவ்வளவு உறுதி!" என்று வியந்து வாங்குகிறவர்கள், திறந்த ஏரியில் அதே உறுதியால்தான் தலை சுற்றுகிறது என்பதை நினைப்பதில்லை.

செலவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முழு வேகத்தில் மோட்டார் குடிக்கும் பெற்றோலுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: குதிரைவலுவில் பத்தில் ஒரு பங்கு அமெரிக்க கலன், ஒரு மணி நேரத்துக்கு. 40க்கு 15 லீற்றர், 90க்கு 34 லீற்றர். நடுவேகத்தில் இதில் பாதியை ஒட்டி வரும். இழுக்கும் பாரமும் அப்படித்தான்: 13 அடி வேலர், மோட்டார், ட்ரெயிலர் எல்லாம் அரை டன்னுக்குள் அடங்கும், 17 அடி டீப் வீ ட்ரெயிலரோடு ஒரு டன்னைத் தாண்டிவிடும். உங்கள் வாகனத்தின் கையேட்டில் இழுவை எல்லை எத்தனை கிலோ என்று பார்க்காமல் பேரம் பேசப் போகாதீர்கள்.

பழைய படகு என்பதால் அடுத்த விஷயத்தில் நின்று நிதானிக்க வேண்டும். நுரை நிரம்பிய படகு தாழாது என்பது உண்மை. ஆனால் நுரைக்கு ஒரு எதிரி உண்டு, ஆணித்துளை. முந்தைய சொந்தக்காரர் தூண்டில் தாங்கி பூட்டவும் மீன் காட்டும் கருவி பூட்டவும் துளைத்து, அடைக்காமல் விட்ட துளை ஒவ்வொன்றின் வழியாகவும் தண்ணீர் தோலுக்குள் இறங்கும். ஒன்ராறியோவின் குளிரில் அது உறைந்து பருத்து, தோலை நுரையிலிருந்து பிரிக்கும். இப்படித் தண்ணீர் குடித்த படகு வெளியே பார்க்கப் புதிதுபோல் பளபளக்கும். அதனால் கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள். ஸ்குரூட்ரைவரின் பிடியால் தளம் முழுக்கச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கெட்டியாகக் கேட்கும். பிரிந்த இடத்தில் சத்தம் மழுங்கித் தொய்ந்துவிடும். பிறகு மோட்டாரைப் பாதி தூக்கி, அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழுமாக அமுக்குங்கள். பின்பலகை அசைந்தாலோ, அதன் மூலைகளில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ, உள்ளே பலகை உக்கிவிட்டது என்று அர்த்தம். வேலர் பெயர் பெற்ற பிறகு 1960களிலும் 70களிலும் அதைப் பார்த்துப் பலர் கதீட்ரல் படகு செய்தார்கள். அவற்றில் பல நுரையால் அல்ல, உள்ளே வைத்த ஒட்டுப்பலகையால் நின்றவை; அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பலகை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முடிந்தால் ட்ரெயிலரோடு ஒரு எடைப்பாலத்தில் ஏற்றி நிறுக்கச் சொல்லுங்கள். அந்த மாதிரிக்கு உரிய எடையைவிட நூறு கிலோ கூடுதலாக வந்தால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் தண்ணீர்.

டீப் வீயிலும் பின்பலகைச் சோதனை அப்படியே செய்ய வேண்டும். அதோடு ஏராவின் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கல்லுக் கரையில் ஏற்றிய படகு என்றால் அந்த விளிம்பில் ஜெல் பூச்சுப் போய் இழை தெரியும். பின்பலகையின் வலப்பக்கம் மேலே பதித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மாதிரி ஆண்டைச் சொல்லும். விளம்பரத்தில் உள்ள ஆண்டோடு ஒத்துவருகிறதா பாருங்கள். 6 மீற்றர் வரையான படகுகளில் எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை குதிரைவலு என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். அந்த எண்ணைத் தாண்டி மாமன், மச்சான், பெரியம்மா பிள்ளைகள் என்று ஏற்றக் கூடாது. நம் வீடுகளில் வந்தவரை இறக்கிவிட்டுப் போவது கஷ்டம் என்று தெரியும். அப்படியானால் இரண்டு சுற்றாகக் கூட்டிப் போங்கள்.

தாழாத படகு என்ற சொல்லைக் கேட்டு மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்று. படகு தாழாது, ஆள் விழலாம். மே மாதத்தில் சிம்கோ வெயிலில் மினுங்கும், தண்ணீர் பனி கரைந்த குளிரில் இருக்கும். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்பும் முன் ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் திணறித் தண்ணீர் குடித்தவருக்கும், பத்து நிமிடத்துக்குப் பிறகு விரல் மடங்காதவருக்கும், அந்த ஒரு மணி நேரத்தைத் தருவது உடம்பில் ஏற்கெனவே பூட்டியிருக்கும் உயிர்காப்பு அங்கி மட்டும்தான். இருக்கைக்கு அடியில் மடித்து வைத்தது உதவாது. ஓட்டுபவரிடம் இயக்குநர் அட்டை இருக்க வேண்டும் என்பது 2009 முதல் மோட்டார்ப் படகு ஓட்டும் எல்லோருக்கும் சட்டம். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள மோட்டார் என்றால் படகுக்கும் உரிமம் வேண்டும்.

இத்தனையும் கேட்டுவிட்டு மருமகன் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. சிம்கோவின் தெற்குக் கையான குக்ஸ் பே, பேர்ச் மீன், இரண்டு பிள்ளைகள், ஆடிக்கொருக்கா கவார்த்தா ஏரிகள். ஓடுவது இருபது நிமிடம், நிற்பது நாலு மணி நேரம். "அப்ப வேலரை எடு" என்றேன். நுரை காய்ந்திருந்தால், பின்பலகை கெட்டியாக இருந்தால், யோசிக்கவே வேண்டாம். ஒரு நிபந்தனையோடு: வடமேற்குக் காற்று எழும்பிய நாளில் குடாவின் வாயைத் தாண்டிப் போகக் கூடாது. ஏரியின் முழு நீளத்தையும் ஓடிவந்த அலை தெற்குக் கரையிலும் ஜக்சன்ஸ் பொயின்ற் பக்கத்திலும்தான் வந்து குவியும். 13 அடிப் படகுக்கு அது இடமில்லை. ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு இறங்கும் எண்ணமும் வேண்டாம். 311 கிலோமீற்றர் நீளமான ஏரி அது. காற்று நீளவாக்கில் பிடித்தால் எழும்புவது குளத்து அலை இல்லை, கடலலை.

சால்மன் தேடி ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போவேன் என்று அவன் சொல்லியிருந்தால் பதிலும் மாறியிருக்கும். அங்கே டீப் வீ. 17 அடிகூடச் சின்னது. காலையில் போய் மதியக் காற்றுக்கு முன் திரும்பி வருகிற ஒழுக்கம் உள்ளவருக்கு மட்டும். இரண்டு ஏரியும் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும், ஒரு படகுதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் இரண்டில் ஒன்றைச் சொல்ல மாட்டேன். 16, 17 அடியில், பின்பலகையில் 15 முதல் 18 பாகை வரும் மொடிஃபைட் வீயைத் தேடச் சொல்வேன். இரண்டிலும் உச்சம் இல்லை, இரண்டிலும் தோல்வியும் இல்லை. வேலரைச் செய்யும் நிறுவனமே இன்று கட்டும் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு வீ அடிதான் வைக்கிறது. மக்களுக்கு ஓடும் நேரம் கூடிவிட்டது போலும்.

காசு கொடுக்கும் முன் ஒரு தடவை தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டும், அதுவும் தனியாகப் போகக் கூடாது. வழக்கமாக யார் யார் ஏறுவார்களோ அத்தனை பேரும் ஏறுங்கள். நடுக்குடாவில் மோட்டாரை நிறுத்தி, எல்லோரும் ஒரே பக்கத்துக்கு வந்து இருந்து பாருங்கள். பிறகு பிளேனில் ஏற்றி, வேறு பெரிய படகு விட்டுச்சென்ற அலைத்தடத்தைச் சரிவாக ஒரு தடவை, நேராக ஒரு தடவை கடந்து பாருங்கள். அந்த வேளையில் முன் இருக்கையில் இருக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, வீட்டுக்காரி. உதை கூட விழும் இடம் அது. கோடை முழுக்க அதில் இருக்கப்போகிறவர் அவர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். சோதனை ஓட்டத்துக்கு மறுக்கிறவரிடம், படகு எவ்வளவு அழகாக இருந்தாலும், முற்பணம் கொடுக்க வேண்டாம்.